மீண்டு வரும் சுவை

 

தோற்றுவாய்

சேலம், நாமக்கல் சமவெளி தேயிலை விளையும் நிலமன்று. சேர்வராயன் மலையில் விளைவது காப்பி. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் அதனை அங்குப் புகுத்தினார். கொல்லிமலையில் மிளகும் காப்பியும் பலாவும் உண்டு. சமவெளியில் மரவள்ளியும் மாவும் கரும்பும் மஞ்சளும் விளைகின்றன. ஆயினும் இந்நிலத்தில் தேநீர் அருந்தாதவரைக் காண்பது அரிது. விடியுமுன்னரே சாலையோரக் கடையில் பாய்லர் கொதிக்கத் தொடங்குகிறது. வடநாட்டுக்குச் சரக்கேற்றிச் செல்லும் நாமக்கல் லாரி ஓட்டுநரும், தறியிலிருந்து எழுந்து வரும் நெசவாளரும், சந்தைக்குக் காய்கறி கொண்டுசெல்லும் உழவரும் அக்கடை முன் ஒன்றாகவே நிற்கின்றனர். அவர்கள் கையில் ஏந்துவது தூள் தேயிலையும் பாலும் சர்க்கரையும் கூடிய சூடான நீர். அது களைப்பைப் போக்குகிறது. பசியைச் சிறிது நேரம் ஒத்திவைக்கிறது.

இத்தகைய நிலத்தில் சீன நாட்டின் ஊலாங், புவேர் என்னும் இருவகை உயர்ந்த தேநீரைச் சுவைக்கும் கலை பற்றிப் பேசுவது பொருத்தமா என்னும் வினா எழலாம். பொருத்தமே என்பதற்கு இரண்டு காரணங்கள் உள. ஒன்று, சுவை என்னும் சொல்லைக் கவிதைக்கு உரியதாக்கிய மொழி தமிழ். நாவின் சுவையைச் சீனர் எவ்வாறு ஒரு கல்வியாக வளர்த்தனர் என்று அறிவது, கவிதையை நயப்பவர்க்குப் பயன் தரும். மற்றொன்று, உலகு பருகிய தேயிலையில் பெரும்பகுதியைப் பல தலைமுறைகளாகக் கிள்ளிய கைகளுள் தமிழர் கைகளும் அடங்கும். அவற்றுள் இச்சமவெளியிலிருந்து சென்ற கைகளும் உண்டு. சுவையைப் பற்றிய பேச்சு அக்கைகளைக் கணக்கில் கொள்ளாவிடின் அது பாதிப் பேச்சாகவே நின்றுவிடும்.

சொல் வந்த வழி

தேயிலை, தேநீர் என்னும் தமிழ்ச் சொற்களின் முதற்பகுதியாகிய ‘தே’ எங்கிருந்து வந்தது? சீனத்தின் பெரும்பகுதியில் இச்செடிக்குச் ‘சா’ என்று பெயர். இந்தியிலும் பாரசீகத்திலும் மலையாளத்திலும் வழங்கும் சாய், சாயா என்பன அதன் வழிவந்தவை. சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள ஃபூஜியன் மாநிலத்தின் மின் மொழியில் மட்டும் அது ‘தே’ எனப்பட்டது. அக்கடற்கரை வணிகரோடு வாணிகம் செய்த டச்சுக்காரர் அச்சொல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். ஐரோப்பியர் வழியே அது தமிழ்நாட்டை அடைந்தது எனக் கொள்வது பொருந்தும். அந்த ஃபூஜியன் மாநிலமே ஊலாங் தேநீரின் தாயகம். ஆகவே, ‘தேநீர்’ என்று உச்சரிக்கும் ஒவ்வொரு முறையும், ஊலாங் பிறந்த மண்ணின் ஓரசையைத் தமிழன் தன்னை அறியாமலே சொல்லிவிடுகிறான்.

இத்தொடர்பு சொல்லோடு நிற்கவில்லை. ஃபூஜியன் கடற்கரையில் சுவான்ஜோ என்னும் துறைமுகத்தில் தமிழ் வணிகர் குடியிருந்தனர். அங்கே எழுந்த சிவன் கோயிலைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கி.பி. 1281ஆம் ஆண்டினது. ‘இரும்புக் குவான்யின்’ என்று பெயர் பெற்ற புகழ்வாய்ந்த ஊலாங் விளையும் ஆன்ஷி, இன்று அதே சுவான்ஜோ நகராட்சி எல்லைக்குள் அடங்கிய வட்டம். 1911இல் இலங்கையின் காலியில் கண்டெடுக்கப்பட்ட, சீன மாலுமி செங் ஹோ நிறுவிய 15ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழும் இடம்பெற்றுள்ளது. இருநாட்டுக் கப்பல்களும் பல நூற்றாண்டுகள் எதிரெதிரே சென்றன. ஆயினும் தேநீர் தமிழர்க்குக் கிடைத்தது அக்கப்பல்களின் வழியாக அன்று. பிற்காலத்தில், பிறர் ஆட்சியில், தோட்டக் கூலியின் வழியாக.

ஒரே செடி, பல பக்குவம்

பச்சைத் தேநீர், கறுப்புத் தேநீர், ஊலாங், புவேர் யாவும் ஒரே செடியினத்தின் இலைகளே. வேறுபாடு பக்குவத்தில் உள்ளது. பறித்த இலையை உடனே சூட்டில் வாட்டினால் அதன் பசுமை நிற்கிறது. கசக்கிக் காற்றில் விட்டால் உயிர்வளியோடு கலந்து கறுக்கிறது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் நிற்பது ஊலாங். ‘கரிய டிராகன்’ என்பது அப்பெயரின் பொருள்.

ஊலாங்கிற்குக் கொழுந்தினும் முற்றிய இலை வேண்டும். மொட்டு விரிந்து, மூன்று நான்கு இலைகள் முழுமை பெற்ற பின்னரே பறிக்கின்றனர். இலையை வெயிலில் சற்று வாடவிட்டு, மூங்கில் தட்டுகளில் இட்டுக் குலுக்குகின்றனர், பின் ஓய்வு தருகின்றனர், மீண்டும் குலுக்குகின்றனர். இவ்வேலை இரவு முழுதும் நடப்பதுண்டு. தட்டில் உரசிய இலையின் ஓரம் மட்டும் நைந்து சிவக்கிறது. நடு பசுமையாகவே இருக்கிறது. எப்போது நிறுத்துவது என்பதை மூக்கே தீர்மானிக்கிறது. பச்சை வாசம் மறைந்து பூவின் மணம் எழும் வேளையில் இலையை வாணலிச் சூட்டில் இட்டு மாற்றத்தை நிறுத்துகின்றனர். வூயி மலையில் பாறை இடுக்குகளில் விளையும் ஊலாங்கைப் பின்னர்க் கரியடுப்பின் மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வாட்டுகின்றனர். தைவானில் ஒருவகை ஊலாங்கிற்குச் சிறு தத்துப்பூச்சி கடித்த இலையையே தேர்ந்தெடுக்கின்றனர். கடிபட்ட செடி தற்காப்புக்காகச் சுரக்கும் பொருள்கள் தேன்போன்ற மணமாகக் கோப்பையில் வெளிப்படுகின்றன. ஊறு பட்ட இலை மணக்கிறது என்னும் செய்தி கவிஞர்க்கு விளக்கம் வேண்டாதது.

புவேர், தென்மேற்குச் சீனத்தின் யுன்னான் மாநிலத்துக்கு உரியது. அசாம் தேயிலையின் இனத்தைச் சேர்ந்த பேரிலை மரங்களின் இலையை வாட்டி, உருட்டி, வெயிலில் உலர்த்தி, ஆவியில் இளக்கி, வட்டமான அடையாக அழுத்துகின்றனர். மரபான அடையின் எடை 357 கிராம். ஏழு அடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மூங்கில் மட்டையில் பொதிவது வழக்கம். மட்டக் குதிரை முதுகில் திபெத்து வரை சென்ற பொதி அது. இவ்வடை ஆண்டுக்கணக்கில் கிடந்து மெல்லப் பழுக்கிறது. புதிதாய் இருக்கையில் கைப்பும் துவர்ப்பும் மிக்க அது, பத்து இருபது ஆண்டுகளில் கருஞ்சிவப்பு நிறமும் மென்மையும் எய்துகிறது. இது பச்சைப் புவேர். இவ்வளவு காலம் காத்திருக்க இயலாதவர்க்காக, இலையை ஈரக் குவியலாக இட்டு நுண்ணுயிர்களின் வெப்பத்தில் சில வாரங்களில் பழுக்கவைக்கும் முறையை 1973ஆம் ஆண்டளவில் யுன்னான் ஆலைகள் உருவாக்கின. இது பழுத்த புவேர். முதல் மழை பட்ட மண்ணையும் பழைய மரப்பெட்டியையும் நினைவூட்டும் மணம் இதற்கு உண்டு.

காலத்தை ஒரு சேர்மானமாகக் கொள்ளும் இம்முறை தமிழ் இல்லங்களுக்குப் புதிதன்று. பழம்புளிக்கும் பழைய அரிசிக்கும் தனிமதிப்புத் தரும் அடுக்களை புவேரின் தத்துவத்தை எளிதில் உணரும். பானையில் கிடக்கும் புளியைப் போலவே அடையும் காற்றுப்படும் இடத்தில், அயல்மணம் அண்டாமல் இருக்கவேண்டும். கற்பூரமும் மசாலாவும் இருக்கும் அலமாரியில் வைத்த புவேர் அவற்றின் மணத்தையே திருப்பித் தரும்.

சுவைக்கும் முறை

இத்தேநீரைத் தயாரிக்கச் சீனர் கையாளுவது மூடியுடைய சிறு பீங்கான் கிண்ணம் அல்லது கைக்கடக்கமான களிமண் குடுவை. கிண்ணம் சுமார் 100 மில்லி கொள்ளும். அதில் 5 முதல் 7 கிராம் இலை இடுகின்றனர். கொதிநீரை ஊற்றி உடனே வடித்துக் கொட்டுவது முதற்படி. அது இலையை விழிக்கச் செய்வது. பின்னர் ஊற்றும் நீர் பத்துப் பதினைந்து நொடிகளே நிற்கிறது. வடித்த நீரை, இரண்டு மூன்று மிடறுகளே கொள்ளும் சிறு கோப்பைகளில் பகிர்கின்றனர். அதே இலையில் மீண்டும் நீர் ஊற்றுகின்றனர். நல்ல இலை ஏழெட்டு முறை தாங்கும். நல்ல புவேர் அதற்கு மேலும் தாங்கும்.

இங்கே கருதத்தக்கது, ஒவ்வொரு வடிப்பும் வேறு என்பதாகும். முதல் வடிப்பில் மணம் முன்நிற்கிறது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் உருட்டிய இலை விரிந்து உடல் தருகிறது. ஐந்தாவதில் துவர்ப்பு அடங்கி இனிமை எழுகிறது. இறுதியில் இலை தந்தது போக எஞ்சிய தெளிந்த நீரில் மெல்லிய நினைவு மட்டும் நிற்கிறது. சுவைப்போர் கிண்ணத்தின் மூடியை முகர்கின்றனர். ஆறிய வெறுங்கோப்பையை முகர்கின்றனர். இறுதியில் நனைந்த இலையை விரித்து அதன் ஓரச் சிவப்பைப் பார்க்கின்றனர். ஒரு கவிதையை ஒருமுறை வாசித்துவிட்டுக் கருத்துரைப்பவர் முதல் வடிப்போடு எழுந்துவிடுபவர். பொருள், ஓசை, சொல் நின்ற இடம், சொல்லாமல் விட்டது என ஒவ்வொரு வாசிப்பிலும் ஒவ்வொன்று இறங்கும் வரை அமர்ந்திருப்பதே நயப்பு. எத்தனை வடிப்புத் தாங்கும் என்பது இலைக்கும் அளவுகோல், பாட்டுக்கும் அளவுகோல்.

நீரைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். 8ஆம் நூற்றாண்டில் தேயிலை பற்றிய முதற் பெருநூலை எழுதிய லூ யூ, மலைநீரை முதலாகவும் ஆற்றுநீரை இடையாகவும் கிணற்றுநீரைக் கடையாகவும் வரிசைப்படுத்தினார். சேலத்து மக்கள் அந்நூலைப் படிக்காமலே அவ்வரிசையை அறிவர். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் போட்ட தேநீரும் மேட்டூரிலிருந்து வரும் காவிரிநீரில் போட்ட தேநீரும் வேறென்பது இங்குள்ள கடைக்காரர் ஒவ்வொருவரும் சொல்லும் உண்மை. கடுநீரில் உள்ள சுண்ணச்சத்து தேயிலையின் துவர்ப்புப் பொருள்களோடு கூடி மேலே ஏடுபோல் படர்கிறது; நிறம் மங்குகிறது; மணம் எழுவதில்லை. ஆகவே, உயர்ந்த இலை வாங்கிய ஒருவர் முதலில் கவலைகொள்ள வேண்டியது நீரைப் பற்றியே.

துவர்ப்பும் மீள்சுவையும்

மேனாட்டு அறிவியல் துவர்ப்பைச் சுவைகளுள் ஒன்றாக எண்ணுவதில்லை. நாவின் தொடு உணர்ச்சியாகவே கொள்கிறது. தமிழ் மரபோ இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, கைப்பு, உவர்ப்பு என்பவற்றோடு துவர்ப்பையும் சேர்த்து ஆறு எண்ணியது. தேநீரின் உயிர் துவர்ப்பிலும் கைப்பிலும் உள்ளது. ஆகையால் இத்தேநீரைப் பேசுவதற்கான சொற்களஞ்சியம் தமிழில் முன்னரே அமைந்திருக்கிறது.

பாலூற்றிய தேநீரில் இத்துவர்ப்பை உணர இயலாது. பாலின் புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொள்கிறது. துவர்ப்பு நீங்கும்போது அதன் பின்னே வரவேண்டிய ஒன்றும் நீங்கிவிடுகிறது. அதனைச் சீனர் ‘ஹுய் கான்’ என்பர். ‘திரும்பி வரும் இனிமை’ என்பது பொருள். மிடறு இறங்கிய பின், கைப்பும் துவர்ப்பும் விலகும் இடத்தில், அடிநாவிலும் தொண்டையிலும் ஓர் இனிமை ஊறி எழுகிறது. சர்க்கரை தரும் இனிமை நாவில் பட்டவுடன் தோன்றி மறையும். இது மறைந்த பின்னர்த் தோன்றுவது.

இதை விளக்கத் தமிழர்க்கு நெல்லிக்கனியினும் வேறு சான்று வேண்டா. நெல்லியைத் தின்று நீர் பருகிய குழந்தையும் இம்மீள்சுவையை அறியும். அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லியின் கதை, சேலத்தை அடுத்த தகடூர் நிலத்துக் கதை. நீண்ட வாழ்வு தரும் கனியாக அதை நினைவிற்கொண்ட மரபு, கைப்புக்குப் பின் இனிமை என்னும் அதன் இயல்பையும் உடன் நினைவிற்கொண்டது எனலாம்.

சீனர் இதற்கும் மேலே ஒரு படி செல்கின்றனர். வூயி மலையின் ஊலாங்கில் தொண்டையில் நெடுநேரம் நிலைத்து நிற்கும் உணர்வைப் ‘பாறை யுன்’ என்றும், ஆன்ஷித் தேநீரில் நிற்பதைக் ‘குவான்யின் யுன்’ என்றும் அழைக்கின்றனர். ‘யுன்’ என்பது அவர்கள் யாப்பிலக்கணத்தில் இயைபுத் தொடையைக் குறிக்கும் சொல். ஓர் அடியின் இறுதி ஓசை அடுத்த அடியில் திரும்ப ஒலிப்பது போல, விழுங்கிய தேநீர் தொண்டையில் திரும்ப ஒலிக்கிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. சீனர் பாட்டின் சொல்லைத் தேநீருக்கு எடுத்துக்கொண்டனர். தமிழர் நாவின் சொல்லைப் பாட்டுக்கு எடுத்துக்கொண்டனர். தொல்காப்பியம் நகை முதல் உவகை வரை எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தது. உரையாசிரியர்கள் அவற்றைச் சுவையோடு சேர்த்து விளக்கினர். எதிரெதிர்த் திசையில் நடந்த இருமொழியாளரும் ஓரிடத்தில் சந்திக்கின்றனர். அவ்விடம், பொருள் நீங்கிய பின்னும் நீங்காமல் நிற்கும் ஒன்று. பாட்டு முடிந்த பின் எது திரும்பி வருகிறதோ அதுவே பாட்டு என்று கொண்டால், இன்று எழுதப்படும் பல கவிதைகளை எளிதாக எடை போடலாம். வாசிக்கும்போதே இனித்து, ஏட்டை மூடியதும் மறைவன சர்க்கரைக் கவிதைகள்.

இரு அளவுகோல்கள்

நீலகிரியின் குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. ஏலத்துக்கு வரும் இலையைத் தரம் பார்க்கும் வல்லுநர்கள் வரிசையாகக் கோப்பைகளை அடுக்கி, ஒரே அளவு இலை, ஒரே அளவு நீர், ஒரே அளவு நேரம் என வைத்து, ஒவ்வொன்றையும் கரண்டியால் உறிஞ்சிச் சுவைத்து உமிழ்கின்றனர். 1980இல் பன்னாட்டுத் தர அமைப்பு வெளியிட்ட முறையில், 100 மில்லி நீருக்கு 2 கிராம் இலை, ஊறும் நேரம் 6 நிமிடம். இதன் நோக்கம் குறைகளைக் காண்பது. புகைநாற்றமோ, மிகுவாட்டமோ, பழைய இலையோ எதுவும் இம்முறையில் மறைய இயலாது.

மூடிக்கிண்ணத்தின் நோக்கம் வேறு. இலைக்கு ஏற்ப நீரையும் நேரத்தையும் மாற்றி, அதன் சிறப்பு முழுதும் வெளிப்பட இடம் தருவது அது. முன்னது திறனாய்வு, பின்னது நயம்பாராட்டல். தமிழ்க் கல்வித்துறையில் இவ்விரண்டும் நெடுங்காலமாக ஒன்றையொன்று குறைகூறி வந்துள்ளன. தேயிலை உலகில் அவற்றுக்குப் பகையில்லை. வல்லுநர் காலையில் உமிழ்ந்து தரம் பார்க்கிறார். மாலையில் அமர்ந்து பருகுகிறார். உமிழ மட்டும் அறிந்தவர் சுவையறியார். பருக மட்டும் அறிந்தவர் ஏமாறுவார்.

பெயரும் விலையும்

ஏமாற்றம் என்பது இத்துறையில் பெரிய செய்தி. பழைய புவேருக்குச் சீனத்தில் பெருமதிப்பு எழுந்தபோது, பருகுவோரைக் காட்டிலும் பதுக்குவோர் மிகுந்தனர். விலை ஏறியது. 2007இல் உச்சத்தைத் தொட்டு அவ்வாண்டிலேயே சரிந்தது. வீடுகளில் அடைகளை அடுக்கி வைத்திருந்த எளியோர் பலர் இழப்புற்றனர். புகழ்பெற்ற மலையூர்களின் பெயர் அச்சிட்ட உறைகளில் வேற்றூர் இலை விற்பது இன்றளவும் நிற்கவில்லை. வூயி மலையில் ‘பெரிய செவ்வாடை’ என்னும் ஊலாங்கின் தாய்மரங்கள் ஒரு பாறைச் சரிவில் ஒருசிலவே நிற்கின்றன. 2006 முதல் அவற்றில் இலை பறிப்பது நிறுத்தப்பட்டுள்ளது. ஆயினும் அப்பெயரில் தேயிலை எங்கும் கிடைக்கிறது. தாய்மரத்தின் பதியன்களிலிருந்து வந்ததும் உண்டு. பல இலைகளின் கலவையும் உண்டு. பெயர் மட்டும் உள்ளதும் உண்டு.

இதிலிருந்து தப்ப ஒரே வழி, உறையைக் காணாமல் சுவைப்பது. பழகிய சுவைஞர்கள் ஒருவர் இலையை மற்றவர் பெயர் அறியாமல் பருகிப் பார்க்கும் வழக்கம் உண்டு. இவ்வழக்கம் இலக்கிய வட்டங்களுக்கும் பொருந்தும். ஆசிரியர் பெயரை மறைத்து ஒரு கவிதையை அவையில் வாசித்து, மூன்று முறை கேட்ட பின்னரே கருத்துரைப்பது என ஒரு மாதக் கூட்டத்தை ஒதுக்கினால், பெயரால் இனித்தவை எவை, சொல்லால் இனித்தவை எவை என்பது தெளிவாகும். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டத்துக்கு இது ஒரு சிறு விண்ணப்பம்.

கிள்ளிய கை

சுவை பற்றிய பேச்சு இத்தோடு முடிந்தால் அது ஓய்வுள்ளோர் பேச்சாகிவிடும். தேயிலை மலைக்கு ஏறிய வரலாற்றையும் நோக்கவேண்டும்.

1848க்கும் 1851க்கும் இடையில் ராபர்ட் ஃபார்ச்சூன் என்பார் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீன உடை தரித்து வூயி மலை வரை சென்று, செடிகளையும் விதைகளையும் தொழில் தெரிந்த சீனரையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். நீலகிரியிலும் சீன விதைகளிலிருந்து செடிகள் எழுந்தன. நடுவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டில் சீனக் கைதிகள் தோட்டவேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களை அடைத்த சிறைக்கட்டடம் இன்றும் உள்ளது. ஊலாங்கின் நாட்டிலிருந்து வந்தது செடி. கைவிலங்கோடு வந்தனர் சிலர்.

இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்டார். காப்பியை இலைநோய் அழித்தபின் மலைகள் தேயிலைக்கு மாறின. அத்தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த தமிழ் மாவட்டங்களுள் சேலமும் திருச்சிராப்பள்ளியும் முன்னிற்பவை. பஞ்சமும் கடனும் விரட்ட, கங்காணியின் சொல்லை நம்பி இச்சமவெளியிலிருந்து மக்கள் நடந்தனர். லயத்தின் ஓரறையில் தலைமுறைகள் பிறந்து இறந்தன. 1948இன் சட்டம் அவர்களுள் மிகப்பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவராக்கியது. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்து எண்ணியது. தாயகம் திரும்பியோர்க்கு வேலை தரும் பொருட்டு நீலகிரியில் அரசுத் தோட்டங்கள் எழுந்தன. 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் அமைந்தது. மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் பாடல்களைத் திரட்டினார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ரெட் டீ’ நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் வந்தது. தேநீரின் நிறம் எதனால் சிவந்தது என்பதை அந்நூல் கூறும்.

கிள்ளியவர்க்குத் தாம் கிள்ளிய கொழுந்தின் உயர்ந்த பக்குவம் வாய்த்ததில்லை. நல்ல இலை கப்பலேறியது. சல்லடையின் அடியில் நின்ற தூள் சமவெளிக்கு இறங்கியது. 1930களில் அசாமில் தோன்றிய, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் எந்திரமுறை இந்தத் தூளைப் பெருக்கியது. சிறிதளவு இட்டால் விரைந்து நிறம் இறங்கும், பாலையும் சர்க்கரையையும் தாங்கும், விலையும் குறைவு. உழைப்பாளியின் காசுக்கும் நேரத்துக்கும் ஏற்ற தேநீர் அது. அதனை இழிவென்று ஒதுக்குவது அறியாமை. வடிதுணியில் தூளை அளந்து இட்டு, கொதிநீர் வார்த்து, பாலின் அளவறிந்து, நீண்ட ஒழுக்காக உயர்த்தி ஆற்றும் டீ மாஸ்டரின் கையில் ஒரு கலை உண்டு. அதற்கும் சுவைஞர் உண்டு. குறிப்பிட்ட ஒரு கடைத் தேநீருக்காகச் சுற்றுவழியில் லாரியைத் திருப்பும் ஓட்டுநர் சுவையறியாதவர் ஆகார்.

நுண்சுவை செல்வர்க்கே உரியது என்பாரும் இச்சமவெளியை உற்றுநோக்குதல் வேண்டும். மாம்பழப் பருவத்தில் மல்கோவாவையும் இமாம்பசந்தையும் சேலம் குண்டையும் கண்ணை மூடிக்கொண்டு மணத்தால் பிரித்தறியும் கூடைக்காரப் பெண்கள் சேலத்தில் உண்டு. பிலிக்கல்பாளையத்து வெல்லச் சந்தையில் ஒரு துணுக்கை நாவில் வைத்துப் பாகின் பதம் சொல்பவர் உண்டு. அவர்கள் கல்லூரியில் சுவை பயின்றவரல்லர். பொருளோடு நெடுநாள் பழகியதால் பெற்ற அறிவு அது. ஊலாங்கை இரவெல்லாம் குலுக்கும் ஃபூஜியன் உழவரின் மூக்கும் அவ்வாறே பழகியது. நுண்சுவைக்கு வேண்டுவது பழக்கமும் பொறுமையும். இலையின் விலை இடையில் நிற்கும் தடை. தகுதி குறித்த தடை எதுவும் இல்லை. இன்று குன்னூர்ப் பகுதியில் சில தோட்டங்கள் ஊலாங் முறையிலும் இலையைப் பதப்படுத்துகின்றன. அவ்விலையைக் கிள்ளும் பெண், அதனைப் பாலின்றி, சர்க்கரையின்றி, ஆறமர ஒருமுறையேனும் பருகி, ‘இது நான் கிள்ளியது’ என்று அறியும் நாளே தமிழரின் தேநீர் வரலாற்றில் ஒரு நிறைவான நாளாகும்.

நிறைவாக

தேநீர்ச் சுவை மூன்று செய்திகளைக் கவிதை அன்பர்க்கு உரைக்கிறது. ஒரே இலையில் பலமுறை நீர் வார்க்கும் பொறுமை முதலாவது. முதல் தொடுதலில் இனிப்பதைக் காட்டிலும், கைப்பைக் கடந்து மீண்டு வருவதை மதிக்கும் தெளிவு இரண்டாவது. சுவையின் பின்னுள்ள உழைப்பை அறிந்து சுவைக்கும் அறம் மூன்றாவது. முதலிரண்டும் வாய்த்தவர் நல்ல சுவைஞர் ஆகலாம். மூன்றாவதும் வாய்த்தவரையே சான்றோர் எனத் தமிழ் அழைக்கும்.

இவ்விழா முடிந்து அன்பர்கள் வெளியே செல்லும்போது, வாயிலில் கண்ணாடித் தம்ளரில் சூடான தேநீர் காத்திருக்கும். அது புவேரும் அன்று, ஊலாங்கும் அன்று. ஆயினும் முதல் மிடற்றை விழுங்கியபின் ஒரு கணம் பேசாதிருந்து, தொண்டையில் எது திரும்பி வருகிறது என்று கவனிக்கலாம்.